மாமாவுக்கு அன்று வேறு வேலை

சோறு குழையாமல் வந்தாலே பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. என் அண்ணன் கார்த்திகேசனுக்கும் டேனிக்கும் நடந்த கல்யாணத்தில் பிரியாணி உதிரி உதிரியாக வந்தது. மிங்கலாடோனில் டேனி வீட்டு மாடியில் சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் வயிறு வலித்தது. மாலை எடுத்துக் கொடுக்கத் தாய்மாமனைக் காணோமே என்று அம்மா கையைப் பிசைந்தபோது, சமையல்காரர் பர்கத்துல்லா கரண்டியோடு வந்து நின்றார்.

“நான் மாமன் இல்லையா தங்கச்சி? எத்தனை வருஷமா உங்க வீட்டு அண்டாவைத் தூக்குறேன், மாலை என்ன பெரிய கனமா?”

மாமா செல்லையா வந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது. முந்தின வாரமே தாகேதாவிலிருந்து வந்து சொல்லிவிட்டுப் போனார். “ரெண்டு ஆம்பளைக்கு மாலையா? வாசல்லயே படுத்துக்குவேன். என்னைத் தாண்டிப் போங்கடா.”

“தலகாணி போட்டு வைக்கிறோம் மாமா,” என்றான் டேனி.

அம்மா சிரிக்கவில்லை. கூடப்பிறந்தவரைத் தாண்டி வர மாட்டேன் என்றாள். அம்மா வராவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்றான் அண்ணன். ஆகவே மாமாவை அந்த ஒரு பகல் வேறெங்காவது நிறுத்திவைக்க வேண்டியிருந்தது.

நான் யோசிக்காமல் எதையும் செய்வதில்லை. செய்த பிறகும் சரிதானா என்று யோசிப்பேன். பேதி மாத்திரை கொடுக்கலாமா என்று பார்த்தேன். வயதானவர், பாவம், மனம் ஒப்பவில்லை. வண்டியை வழியில் நிறுத்தினால் வேறு வண்டி பிடிப்பார். பெற்ற பிள்ளைக்கு ஒன்று என்றால்தான் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடுவார்.

அவர் மகன் ரமேஷ்குமார் ராணுவத்துக்குக் கட்டாயமாக ஆள் பிடிக்கும் வயதில் இருந்தான். அதனால் ஷ்வேப்யிதாவில் ஒரு தையல் பட்டறையில் ஒளிந்திருந்தான். எனக்கு மட்டும் போனில் இடத்தைச் சொல்லியிருந்தான். “ஜிகினா சட்டை தச்சுட்டேன் சத்யாக்கா. அப்பா கத்தட்டும், முதல் ஆளா நான்தான் ஆடுவேன்.”

ராணுவத்துக்கு ஆள் கணக்கு எடுக்கும் வார்டு ஆபீஸுக்குப் போன் செய்து பட்டறை விலாசத்தைச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். கல்யாணத்தன்று காலையில் அவனை ஏற்றிச் சென்றார்கள். மாமா பகல் முழுவதும் ராணுவ முகாம் வாசலில் நின்றார். அம்மாவின் போனை நான் அணைத்து வைத்திருந்தேன். அவள் பர்கத்துல்லாவோடு கைகோத்து ஆடினாள். அம்மா ஆடி நான் பார்த்தது அன்றுதான்.

ரமேஷ்குமாரை எந்தப் பக்கம் சண்டைக்கு அனுப்பினார்கள் என்று முகாமில் இதுவரை சொல்லவில்லை. டேனிதான் மாமாவை வண்டியில் முகாம் முகாமாகக் கூட்டிப்போகிறான். நேற்று மாமா அவன் தோளில் சாய்ந்து, “மாப்ளே,” என்று அழுதார். நீங்களே சொல்லுங்கள், நான் செய்தது தப்பு என்றால் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்திருக்குமா?