ச்சீ டாக்டரம்மாவுக்கு, அவர் வேண்டாம் என்ற பாராட்டு

அருவருப்பின் அடியாழம் அறிந்த அம்மையே! அச்சம் ஒளிந்திருக்கும் அறைகளை அஞ்சாமல் திறந்த ஆற்றலாளரே! பிறர் மூக்கைப் பொத்தும் இடத்தில் மூளையைத் திறந்துவைத்த உளப்பகுப்பாய்வு வல்லுநரே! வாயிற்காவலர் முதல் வாராவாரம் வருவோர் வரை அனைவரும் "ச்சீ டாக்டரம்மா" என்று அன்போடு அழைக்கும் எங்கள் மூத்தவரே, வணக்கம்.

தங்கள் பணி ஓய்வு விழாவில் வாசிக்க இப்படியொரு மடல் எழுதப்போகிறோம் என்றதுமே, "ச்சீ, அதெல்லாம் வேணாம்பா. என்னைப் புகழ்ந்தா உடம்பே கூசும்" என்றீர்கள். அன்று மாலையே, மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் கடைக்குச் சொல்லிவிட்டோம். பழி எங்கள்மேல் இல்லை. "காலி வீட்டுக்கு எவனாவது காவல் போடுவானா? அருவருப்பு ஒரு காவல்காரன். அவன் நிக்கிற வீட்டுக்குள்ள பழைய ஆசை ஒண்ணு படுத்திருக்கும்" என்று, பணியில் சேர்ந்த அன்றே எங்கள் ஒவ்வொருவர் காதிலும் ஓதியவர் தாங்கள்தானே.

தலையில் இருக்கும்வரை எண்ணெய் தடவிச் சீவிச் சிங்காரிக்கும் முடி, சோற்றில் விழுந்ததும் குமட்டுவது ஏன் என்று கேட்பீர்கள். நம்மைவிட்டுப் பிரிந்த அந்தத் துண்டு, நாமும் ஒருநாள் உதிர்ந்து மட்கும் பொருள்தான் என்று நம்மையே நம்மிடம் காட்டிக்கொடுக்கிறது என்பீர்கள். இதைச் சரியாக எங்கள் உணவு இடைவேளையில் சொல்வதே தங்கள் வழக்கம். அதனால் இந்த மனநல நிலையத்தில் எவரும் பருமனானதில்லை.

பெற்ற பிள்ளையின் எச்சில் மேலே பட்டால் குளிக்க ஓடிய தையல்காரர் ஒருவர் தங்களிடம் வந்தார். அவர் சொல்லச் சொன்னதால்தான் சொல்கிறோம், பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார். மாதக்கணக்கில் தாங்கள் அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். ஒருநாள் அவராகவே, "நானும் இப்படித்தான ஒழுகிக்கிட்டுக் கிடந்திருப்பேன். என்னை யாரு துடைச்சிருப்பா? யாரும் துடைச்ச மாதிரி ஞாபகமே இல்லையேம்மா" என்று அழுதாராம். அடுத்த மாதம் பிள்ளையின் எச்சில் பட்ட ஈரத் தோளோடு வந்து, பதக்கம் வாங்கியவர்போல் நடைவழியில் எல்லோரிடமும் காட்டினார். தாங்களும் மகிழ்ந்தீர்கள், இரண்டடி தள்ளி நின்று.

ஃப்ரிட்ஜில் இருந்த டப்பாவை இங்கே சொல்லாமல் விட்டால் சோறு செரிக்காது. பின்தட்டில் எவரோ மறந்துவிட்ட சாப்பாட்டு டப்பா. மூடிக்கு வெளியே பச்சையாக ஏதோ எட்டிப் பார்த்தது. வேறு அலுவலகமாக இருந்தால் தூக்கி எறிந்திருப்பார்கள். நாமோ கூட்டம் போட்டோம். அது எதன் குறியீடு என்று விவாதித்தோம். ஒருவர் கட்டுரையே எழுதினார். கடைசியில் தாங்கள்தான், "யாரு ரொம்பச் சத்தமா ச்சீன்னு சொல்றாங்களோ, டப்பா அவங்களோடது" என்று தீர்ப்பு வழங்கிவிட்டு மூடியைத் திறந்தீர்கள். அன்று தாங்கள் போட்ட "ச்சீ"யில் எதிர்க் கடைக்காரர் எழுந்து நின்றார். உள்ளே கிடந்தது தங்கள் கரண்டி. ஒரு கணம் அதையே பார்த்துவிட்டு, "என் கொள்கை தப்பலைப்பா. நாறினது நான்தான்" என்று சிரித்தீர்களே, அந்தச் சிரிப்புக்காகத்தான் தங்களை எங்களுக்கு இவ்வளவு பிடிக்கும்.

இனி எங்கள் மனத்தை அரிப்பதையும் சொல்லிவிடுகிறோம். தையல்காரர் போன வாரம், "அம்மா போயிட்டா இதையெல்லாம் நான் யார்கிட்டச் சொல்றது?" என்று கேட்டார். உடனே தங்கள் அறைக்கு ஓடிவந்தோம். வாரத்தில் ஒருநாளாவது வாருங்கள் என்று தங்களைக் கெஞ்சினோம். "ச்சீ! இந்தப் பக்கம் இனிமே தலைவெச்சும் படுக்க மாட்டேன்" என்றீர்கள். எங்கள் முகம் தொங்கிப்போனது. அப்போது எதிர்க் கடைக்காரர் பதறி ஓடிவந்து, "மறுபடியும் டப்பாவா?" என்று கேட்டார்.

டப்பா திறந்த நாளைவிடச் சத்தம் கூடுதல் என்று அவரே சாட்சி சொன்னார். எனவே தங்கள் தீர்ப்பின்படியே தீர்மானித்துவிட்டோம்: நடைவழியின் கோடியில் உள்ள அறை இனியும் தங்களுடையது. நாற்காலியை நகர்த்தவில்லை. டப்பாவைக் கழுவிப் பின்தட்டில் வைத்திருக்கிறோம். அறைச் சாவி இந்த மடலின் சட்டத்துக்குப் பின்னால் ஒட்டப்பட்டிருக்கிறது. தையல்காரருக்கு வியாழக்கிழமை என்று சொல்லியும் விட்டோம்.

அம்மையே! பல் போய், பார்வை மங்கி, வாயோரம் எச்சில் ஒழுகும் முதிய வயதுவரை தாங்கள் நோயின்றி வாழ வேண்டும். அன்று துடைத்துவிட நாங்கள் இருப்போம். எங்களில் ஒருவருக்கும் ச்சீ என்று தோன்றாது.

என்றும் தங்கள்,
டப்பாவைத் திறக்கத் துணியாத நிலையப் பணியாளர்கள்