கனமான பம்பு

பம்பு வாங்கப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் விலையைக் கேட்பார்கள், சார். நான் கையில் தூக்கிப் பார்ப்பேன். கனமில்லாத பம்பை நான் நம்புவதில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் இருபத்தாறு வருஷம் மெயின்டனன்ஸ் பார்த்தவன் நான். நான் மாட்டிய பம்பு எதுவும் பாதியில் நின்றதில்லை. இதை நீங்கள் முதலில் எழுதிக்கொள்ள வேண்டும்.

முதலாளி துளசிராமன் போன வருஷம் புது பங்களா கட்டினார். ஹாலில் பெரிய கண்ணாடித் தொட்டி, உள்ளே கடல் மீன்கள். தொட்டித் தண்ணீர் குழாய் வழியாக அடித்தள அறைக்கு இறங்கும். அங்கே சம்ப் என்று இன்னொரு தொட்டி. அழுக்கு அதில் வடிந்த பிறகு ஒரு பம்பு தண்ணீரைத் திரும்பவும் மேலே ஏற்ற வேண்டும். பதினாலு அடி உயரம். "அன்பு, நீயே ஒரு நல்ல பம்பாப் பாத்துப் போட்டுடு" என்றார் முதலாளி. எத்தனை பேர் இருக்க என்னைக் கூப்பிட்டாரே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

மீன்களைப் பார்த்துக்கொள்ள ஸ்டீவனைப் போட்டார்கள். மில்லில் கான்ட்ராக்ட் ஆள். வள்ளூரில் வீடு, மெர்சி என்று மனைவி, ஒரு பெண் குழந்தை. முன்பு கொளத்தூரில் மீன் கடையில் வேலை பார்த்தவன். தங்கமான ஆள். அவனைப் பற்றி நான் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்ல மாட்டேன்.

நான் வாங்கியது பித்தளை விசிறி வைத்த பம்பு. தூக்கியதுமே மனசு நிறைந்துவிட்டது. ஸ்டீவன் குனிந்து அதன் வாய்க்குள் பார்த்தான்.

"அண்ணே, உள்ள பித்தளை கீதுண்ணே. உப்புத் தண்ணி அத்த அரிச்சுடும். செம்பு தண்ணில எறங்கிச்சுன்னா மீன் தாங்காது. பிளாஸ்டிக் பம்பே போதும்."

"இன்னாடா பேசிக்கினு கீற? ஊட்ல செம்புச் சொம்புலதான தண்ணி வெச்சுக் குடிக்கிறோம்? மனுசனுக்கு நல்லது, மீனுக்கு ஆவாதா?"

முதலாளி சிரித்துவிட்டார். அவர் வீட்டிலும் குடிக்கிற தண்ணீர் செம்புக் குடத்தில்தான். ஸ்டீவனும் சேர்ந்து சிரித்தான். பேச்சு அத்தோடு முடிந்தது.

மூன்றாவது வாரம் ஒரு மஞ்சள் மீன் செத்து மிதந்தது. அப்புறம் இரண்டு கோமாளி மீன்கள். அடுத்த மாதம் நான்கு. பம்பின் மூட்டுகளில் பச்சையாக ஏதோ படியும், நான் போகும்போதெல்லாம் துணியால் துடைத்துவிடுவேன். பம்பு சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியானால் தப்பு தீனி போடுகிறவனிடம்தானே இருக்க வேண்டும்? தீனியைக் குறை என்று தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "சரிண்ணே" என்றான். மரியாதை தெரிந்தவன்.

ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை சின்னக் குப்பி ஒன்றோடு வந்தான். தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து நாலு சொட்டு மருந்து விட்டான். நிறம் மாறியது. செம்பு இருந்தால்தான் மாறுமாம். முதலாளி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அன்பு, திங்கக்கெழம ஸ்டீவன் சொல்ற பம்ப மாட்டிடலாம். இனிமே இத்த அவனே பாத்துக்கட்டும்."

மில் ஆட்கள் மூன்று பேர் பக்கத்தில் நின்றிருந்தார்கள். "இன்னாண்ணே, மீனுக்குச் செம்புத் தண்ணி ஒத்துக்கலயா?" என்றான் ஃபிட்டர் குப்புராஜ்.

எனக்குக் கோபம் வரவில்லை சார். அவமானமாக இருந்தது, அவ்வளவுதான். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆனால் நான் முடிவெடுத்தது மீன்களை நினைத்துத்தான். வாயில்லா ஜீவன்கள். திங்கட்கிழமைக்குப் பிறகு முழுசாக அவன் கைக்குப் போய்விடும்.

ஞாயிறு சர்ச் முடிந்ததும் ஸ்டீவன் நேராகப் பங்களாவுக்கு வருவான். முதலாளியம்மா வீட்டுக்குள் செருப்பை விடமாட்டார். வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு போக வேண்டும். அடித்தளத் தரையோ எப்போதும் ஈரம். அதனால் படிக்கட்டின் கீழே அவனுக்கென்று ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கி வைத்திருந்தேன், என் சொந்தச் செலவில். ஓடுகிற மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பது எங்கள் மில் பழக்கம். அதையும் அவனுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒருநாள் தவறாமல் செய்வான்.

அந்த ஞாயிறு காலை எட்டு மணிக்குப் போனேன். பூட்ஸ் அழுக்காக இருந்தது. கழுவித் தரலாம் என்று எடுத்து என் வண்டியில் வைத்தேன். பிறகு பம்பின் எர்த் ஒயரைக் கழற்றினேன். ஷாக் அடித்தால் கரண்டை நிறுத்துகிற சுவிட்ச் சும்மாச் சும்மா விழுந்து பேஜாராக இருக்கிறது என்று முதலாளியம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். அதையும் விலக்கிவிட்டேன். கடைசியாகப் பம்பின் உடம்பில் கரண்டு ஏறும்படி ஒரு ஒயரை மாற்றினேன். மேலே மீன்களுக்கு ஒன்றும் ஆகாதபடி யோசித்துத்தான் செய்தேன்.

பன்னிரண்டு மணிக்கு மெர்சி எனக்குப் போன் செய்தாள். "அண்ணே, அவரு இன்னும் வரலண்ணே. போனும் எடுக்கல. பாப்பா சாப்டாம ஒக்காந்துகினு கீது." வந்துவிடுவான்மா, குழந்தைக்கு நீ ஊட்டு என்றேன். சாப்பிடாமல் குழந்தையைக் காக்கவைப்பது பாவம்.

முதலில் கீழே இறங்கிப் பார்த்ததும் நான்தான். மற்றவர்களைக் கூப்பிடுவதற்கு முன் ஒயர்களைப் பழையபடி மாட்டினேன். ஈரத்தில் நின்று தொட்டதால் விபத்து என்று எழுதினார்கள். மூன்று நாள் மெர்சி வீட்டிலேயே இருந்து எல்லாக் காரியமும் கவனித்தேன். பெட்டிக்கு முன்பக்கம் தோள் கொடுத்ததும் நான்தான். நல்ல கனம். அதன் பிறகு பம்பை மாற்றுவது பற்றி யாரும் பேசவில்லை.

ஸ்டீவன் போன பிறகாவது மீன் சாவது நின்றதா என்று இரண்டாவது தடவையாகக் கேட்கிறீர்கள். நிற்கவில்லை. இன்னும் ஐந்து செத்தன. தண்ணீரில் செம்பு என்று லேப் ரிப்போர்ட்டைக் காட்டுகிறீர்கள். காட்டுங்கள். என் வீட்டில் இன்றைக்கும் செம்புச் சொம்புதான், எனக்கு ஐம்பத்தெட்டு வயதில் ஒரு தலைவலி கிடையாது.

புதிதாக வந்த வசந்தகுமாரும் தீனியை அள்ளி அள்ளிப் போடுகிறான் சார். இரண்டு தடவை தன்மையாகச் சொன்னேன், கேட்கவில்லை. போன சனிக்கிழமை நான் எர்த் ஒயரில் கை வைத்திருந்தபோது திடுதிப்பென்று படியிறங்கி வந்து கத்தி ஊரைக் கூட்டிவிட்டான். அவனுக்கும் நான் ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கிக் கொடுத்திருந்தேன். என் வண்டியிலிருந்து நீங்கள் எடுத்தீர்களே, அதுவும் கழுவித் தரத்தான் எடுத்து வைத்தேன்.