நடுத்தூணுக்கு எட்டுச் சாவிகள்

கையில் மணியோடு தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் பகுதி மன்றத் தலைவர் அம்மா அவர்களே! வரைபடத்தைச் சுருட்டி மடியில் வைத்திருக்கும் சாலைப் பொறியாளர் ஐயா அவர்களே! முன்வரிசையை முழுதாக நிரப்பியிருக்கும் கடைத்தெரு வணிகப் பெருமக்களே! கால் வலித்தும் கலையாமல் சுவரோரம் சாய்ந்து நிற்கும் பெரியோர்களே! இடுப்பில் பிள்ளையும் கையில் பையுமாக வாசலிலேயே நின்று கேட்கும் தாய்மார்களே! கடைசி வரிசையில், கடைசி நாற்காலியில், தொப்பியை முழங்காலில் கவிழ்த்து வைத்து உட்கார்ந்திருக்கும் விசில் அண்ணன் அவர்களே! இன்றுவரை எந்த மேடையும் ஏறாத ஒருத்தி உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

பின்னால் கேட்கவில்லையா? ஒலிபெருக்கி நன்றாகத்தான் இருக்கிறது. என் குரல்தான் சின்னது. கொஞ்சம் கிட்ட வருகிறேன்.

கடைத்தெரு முனையில், பூட்டுகள் மாலை மாலையாகத் தொங்கும் சின்னக் கடை என் சித்தப்பாவுடையது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு மூன்று வருடமாக அங்கே நான் சாவி வெட்டுகிறேன். வருகிறவர்களின் முகத்தை நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. "எத்தனை?" என்று ஒரு வார்த்தை கேட்பேன். அவ்வளவுதான் என் பேச்சு. "இவ பேசுறதவிட மெஷின் அதிகமா பேசும்" என்று சித்தப்பா எல்லோரிடமும் சொல்வார். சிரியுங்கள், சிரியுங்கள். நீங்கள் சிரிக்கும்வரை நான் பேசவேண்டியதில்லை.

அப்படிப்பட்டவள் ஏன் இங்கே ஏறினேன்? இன்று இந்த மன்றத்தின் முன்னால் இரண்டு தீர்மானங்கள் இருக்கின்றன. தெருமுனையில் நிற்கும் ஒன்பது தடுப்புத் தூண்களால் பயனில்லை, அவற்றைப் பிடுங்கிவிடலாம் என்பது ஒன்று. நடுத்தூணைத் திறந்து போட்டு விபத்துக்குக் காரணமான காவலர், நம் விசில் அண்ணன், சாவியை இங்கேயே ஒப்படைத்துவிட்டு வேலையை விட்டுப் போகவேண்டும் என்பது இன்னொன்று. இரண்டும் தவறு. எப்படித் தெரியும் என்கிறீர்களா? தெரியும். அதைச் சொல்லத்தான் வந்தேன். சொல்லாமல் இறங்கிவிடக் கூடாதே என்றுதான் இந்த மேசையின் விளிம்பை இப்படிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

தூண்கள் வருவதற்கு முன்னால் இந்தத் தெரு எப்படி இருந்தது? மறந்துவிட்டதா? நடைபாதை என்று ஒன்று இருந்தது, நடக்க முடிந்ததா? வண்டி நின்றது, வண்டிக்குப் பக்கத்தில் வண்டி நின்றது, அந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வண்டி முறைத்துக்கொண்டு நின்றது. மனிதர்கள்தான் நிற்க இடமில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தார்கள். பிள்ளையின் கையைப் பிடித்த தாய், பிடித்த கை வியர்க்க வியர்க்கத்தான் அந்த நூறடியைக் கடந்தாள்.

பிறகு தூண்கள் வந்தன. இடுப்பளவு உயரம், இரும்பு உடம்பு, கழுத்தில் மஞ்சள் பட்டை. பொறியாளர் ஐயா நாடாவை மட்டும் நம்பவில்லை. தையல்காரரின் சக்கர நாற்காலியை நான்கு முறை தள்ளிப் பார்த்துத்தான் இடைவெளியைக் குறித்தார். நாற்காலி நுழையும், தள்ளுவண்டித் தொட்டில் நுழையும், லாரி நுழையாது. ஒன்பது தூண்களும் யாரையும் அதட்டவில்லை, யாரிடமும் கை நீட்டவில்லை, வெயிலுக்கு ஒதுங்கவில்லை, மழைக்கு ஓடவில்லை. நின்றன. அவை நின்றதால் நாம் நடந்தோம். என் சித்தி, சாப்பாட்டுத் தூக்குச்சட்டியைக் கையில் வீசிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். அதற்கு முன்பெல்லாம் அதை மார்போடு அணைத்துக்கொண்டுதான் வருவார்.

ஒன்பதில் ஒன்று, நடுவில் நிற்பது, கழற்றும் தூண். ஆம்புலன்ஸ் வரவேண்டும், தீயணைப்பு வண்டி வரவேண்டும், கடைச் சரக்கும் இறங்கவேண்டும் அல்லவா? அதற்காக அதன் காலடியில் ஒரு பூட்டு. அந்தப் பூட்டுக்கு ஒரே ஒரு சாவி. அந்தச் சாவி விசில் அண்ணனின் இடுப்பில். காலை ஆறு மணிக்குத் திறப்பார், சரக்கு இறங்கும்வரை பக்கத்திலேயே நிற்பார், எட்டு மணிக்குப் பூட்டுவார். அந்த 'டக்' என்ற சத்தம் கேட்டுத்தான் நான் எங்கள் கடை விளக்கைப் போடுவேன். எங்களுக்குக் கடிகாரமே அதுதான்.

தூண்கள் வந்த இரண்டாவது மாதம் ஒருவர் எங்கள் கடைக்கு வந்தார். யார் என்று சொல்லமாட்டேன். ஐயா, முன்வரிசையில் நெளியவேண்டாம். சொல்லமாட்டேன் என்றால் சொல்லமாட்டேன். ஐந்து நிமிடம் என்று விசில் அண்ணனிடம் கேட்டு வாங்கிய சாவி அவர் கையில் இருந்தது. "இதுமாதிரி ஒண்ணு" என்றார். சாவியின் தலையில் எழுத்து பொறித்திருந்தது: நகல் எடுக்கக் கூடாது. எட்டாம் வகுப்போடு நின்றவள்தான், எழுத்துக் கூட்டத் தெரியாதவள் அல்ல. படித்தேன். சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் தலை நிமிராமலே சொன்னார், "பூட்டு யாருதுன்னு கேக்குறது போலீஸ் வேலைம்மா. வெட்டுறதுதான் நம்ம வேலை."

வெட்டினேன். இன்னொருவர் கேட்டால் இருக்கட்டும் என்று மாதிரிக்கு ஒன்றும் சேர்த்து வெட்டி, எங்கள் கடை ஆணியில் மாட்டினேன். கேட்டார்கள்! இரண்டாமவர் சரக்கு கனம் என்றார். மூன்றாமவர் முதுகுவலி என்றார். நான்காமவர் காலை ஆறு மணிக்கு எழுந்திருக்க முடியவில்லை என்றார். ஏழாமவரிடம் காரணமே இல்லை. "எல்லார்கிட்டயும் இருக்கு, நான் மட்டும் இளிச்சவாயனா?" என்றார். அவர் பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. வெட்டினேன், அரத்தால் தேய்த்தேன், பித்தளைத் தூளை ஊதினேன், கொடுத்தேன். ஏழு கடைகளுக்கு ஏழு. எங்கள் ஆணியில் ஒன்று. ஆக எட்டு.

மண்டபம் அமைதியாகிவிட்டது. சற்று முன் சிரித்தீர்களே.

அமைதி எனக்குப் பழக்கம்தான். ஆனால் இப்போது அது பிடிக்கவில்லை. ஏன் என்று கேளுங்கள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால், பகல் ஒன்று பத்து. நடுத்தூண் கழன்று ஓரமாகக் கிடந்தது. சரக்கு வண்டி ஒன்று பின்னோக்கி வந்தது. நான் இயந்திரத்தின் முன்னால் குனிந்திருந்தேன். முதலில் எனக்குக் கேட்டது சித்தியின் குரல் அல்ல, தூக்குச்சட்டி உருண்ட சத்தம். தெருவின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, நிற்காமல், அது உருண்டுகொண்டே இருந்தது. என் சித்திக்குத் தொடை எலும்பு இரண்டாக முறிந்தது. இன்றும் கட்டிலில்தான் இருக்கிறார்.

யார் திறந்தது? மன்ற அலுவலகத்திலிருந்து வந்து கேட்டார்கள். கடை கடையாகக் கேட்டார்கள். எங்களுக்கென்ன தெரியும், சாவி அவனிடம்தானே என்று எல்லாக் கடையும் ஒரே விரலை நீட்டியது. பூட்டினேன் ஐயா, பூட்டினது நினைவிருக்கிறது என்றுதான் அண்ணன் முதல் நாள் சொன்னார். இரண்டாம் நாளும் சொன்னார். மூன்றாம் நாள் அவர் குரல் இறங்கியது. அன்று சாயங்காலம் எங்கள் கடைக்கு வந்து, என் எதிரே நின்று, "பாப்பா, அன்னைக்கு நான் பூட்டினத நீ பாத்தியாம்மா? எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு" என்று கேட்டார்.

ஐயோ, அவையோரே! உண்மையைச் சொன்ன ஒரு மனிதர், தன் உண்மையைத் தானே நம்ப முடியாமல் வந்து நிற்கிறார். அவருக்குப் பதில் என் தலைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையைக் குனிந்துகொண்டு, ஏற்கெனவே தேய்த்து முடித்த சாவியை மறுபடியும் தேய்த்தேன்.

அண்ணா, இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் பூட்டினீர்கள். எட்டு மணிக்கு அந்த 'டக்' கேட்டது. கேட்ட பிறகுதான் விளக்கைப் போட்டேன். அதன்பிறகு திறந்த சாவி உங்களுடையது அல்ல. அது நான் வெட்டியது.

மணி அடித்துவிட்டீர்கள், அம்மா. தெரிகிறது. இன்னும் கொஞ்ச நேரம் தாருங்கள். மூன்று வருடப் பேச்சு பாக்கி இருக்கிறது.

வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இங்கே வேலி மேயவில்லை. பயிருக்கு உரியவர்களே வேலியில் எட்டு ஓட்டை போட்டார்கள். திறந்தவர் ஏன் மூடவில்லை? அடுத்தவர் மூடுவார் என்று நினைத்தார். அடுத்தவர், அதற்கும் அடுத்தவர் மூடுவார் என்று நினைத்தார். ஒருவரிடம் சாவி இருந்தபோது அது ஒருவரின் பொறுப்பு. எட்டுப் பேரிடம் இருந்தபோது அது யாருடைய பொறுப்பு? எல்லோரிடமும் சாவி இருந்தால் அது பூட்டா? கதவைத் திறந்து போட்டுவிட்டு, திருட்டுப் போனதும் சுவரை இடிக்கச் சொல்கிறவர் உண்டா? தூண்களைப் பிடுங்கச் சொல்கிறீர்களே, ஒன்பதில் எட்டு அன்றும் அசையாமல் நின்றனவே! தோற்றது தூணா? அதை நட்ட பொறியாளரா? காத்த காவலரா? இல்லை. தோற்றது நம் அவசரம், நம் சோம்பல், என் மௌனம்.

நேற்று இதைச் சித்தியிடம் சொன்னேன். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, முகம் பார்க்காமல் சொன்னேன். சித்தி கட்டுப்போட்ட காலை ஒரு தரம் பார்த்தார். பிறகு, நான் கடையில் கேட்பதுபோலவே, "எத்தனை?" என்றார்.

"எட்டு."

"எட்டுக்கு என் கால் ஒண்ணோட போச்சேன்னு சந்தோஷப்படு. எட்டுச் சாவி வெட்டத் தெரிஞ்சவளுக்கு ஒரு வாயைத் திறக்கத் தெரியாதா? போ. போய் அங்க சொல்லு. எங்கிட்ட அழுது என்ன ஆகப்போகுது?"

அதனால்தான் வந்தேன். சித்தப்பா, வாசலுக்குப் போகாதீர்கள். நாளைக்குக் கடைக்கு ஆள் வருமா என்று நினைக்கிறீர்கள். நானும் அதைத்தான் நினைக்கிறேன். நினைத்துக்கொண்டேதான் பேசுகிறேன்.

இதோ, பையிலிருந்து எடுக்கிறேன். தெரிகிறதா? அந்தத் தூக்குச்சட்டி. இந்தப் பக்கம் நசுங்கியிருப்பது சக்கரம் ஏறியது. எங்கள் ஆணியில் தொங்கிய சாவியை இதில் போடுகிறேன். ஒன்று.

இனி இது முன்வரிசையிலிருந்து கை மாறிக் கை மாறிக் கடைசி வரிசைவரை போகட்டும். எல்லோரும் கையை உள்ளே விட்டு எடுங்கள், இருப்பவரும் இல்லாதவரும். யார் போட்டது என்று யாருக்கும் தெரியவேண்டாம். நான் திரும்பி நின்றுகொள்கிறேன். முகம் பார்க்காமல் இருப்பது எனக்குக் கைவந்த கலை. பித்தளை விழுகிற சத்தம் எனக்குத் தெரியும். காதால் எண்ணுகிறேன்.

இரண்டு.

மூன்று. நன்றி ஐயா. யாராக இருந்தாலும் நன்றி.

நான்கு. ஐந்து.

அவசரமில்லை. இல்லை, அவசரம்தான். நாளைக் காலையும் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் நடப்பார்கள்.

ஆறு.

இன்னும் போய்க்கொண்டிருக்கிறதா? கடைசி வரிசைக்குப் போய்விட்டதா?

இது என்ன? இது பித்தளை இல்லையே. கனமாக விழுந்தது. இது எஃகு.

மன்னியுங்கள், திரும்பமாட்டேன் என்றேன், திரும்பிவிட்டேன். விசில் அண்ணா, ஏன் உங்களுடையதைப் போட்டீர்கள்? இங்கே ஒப்படைக்கச் சொன்னார்கள், ஒப்படைத்துவிட்டீர்கள், அப்படித்தானே? தொப்பியை மடிக்காதீர்கள் அண்ணா. உட்காருங்கள்.

தாய்மார்களே, அந்தச் சட்டியை மேடைக்குக் கொடுங்கள். தலைவர் அம்மா, இதற்குள் ஆறு பித்தளையும் ஒரு எஃகும் இருக்கின்றன. பித்தளையை எடுக்கும் உரிமை எனக்கு உண்டு. என் கை வெட்டியது, என் அரமே அவற்றின் பற்களைத் தேய்த்துவிடும். எஃகை எடுத்து அவர் கையில் திருப்பித் தரும் உரிமை எனக்கு இல்லை. உங்களுக்கு இருக்கிறது. உங்களுக்கு மட்டுமே இருக்கிறது. நீங்கள் மணியைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருப்பதைப் பார்க்கிறேன் அம்மா. இதற்கு மேல் நான் பேசினால் அது அதிகப்பிரசங்கம்.

இன்னும் இரண்டு வரவில்லை. வைத்திருப்பவர்களே, எங்கள் கடை காலை எட்டு மணிக்குத் திறக்கும். அந்த 'டக்' சத்தம் கேட்டதும் விளக்கைப் போடுவேன். வாருங்கள். இந்த முறை நிமிர்ந்து, உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் வாங்கிக்கொள்வேன்.

சின்னக் குரலுக்குக் காது கொடுத்த பெரிய சபைக்கு என் நன்றி. எல்லோரும் பத்திரமாக நடந்து வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.