சட்டியில் மிஞ்சிய கல்

ஆற்றில் வெள்ளம் வடியட்டும் என்று ஆரணிக் கரையில் வண்டிகள் வரிசையாக நின்றன. பட்டுச்சேலை மூட்டையோடு நானும் நின்றேன். எழுத்துக் கூட்டித்தான் எனக்குப் படிக்க வரும். காதில் விழுந்தது மட்டும் பிசகாது. முன் வண்டியின் நிழலில் மாமனும் மருமகனுமாக இருவர் குந்தியிருந்தார்கள். களம்பூர்ப் பக்கம் ரயில் பாலத்துத் தூண்களுக்கு அடித்தளமாக ஆற்று மணலில் ஆளுக்கொரு கிணறு இறக்குகிறவர்கள்.

"ஆறு பேரும் மேல வந்துட்டோம் மாமா. சட்டியில ஒரு கல்லு மிச்சம் இருக்குது" என்றான் மருமகன்.

கிணற்றில் இறங்குகிறவன் கரையிலுள்ள சட்டியில் ஒரு கல்லைப் போட்டுவிட்டு இறங்குவானாம். ஏறியதும் எடுத்துக்கொள்வானாம். கல் மிஞ்சினால் உள்ளே ஆள் இருக்கிறது.

"எவனாவது எடுக்க மறந்திருப்பான்."

"அவனவன் கல்லு அவனவன் மடியில இருக்குது. பாத்துட்டோம்."

"நீ ரெண்டா போட்டிருப்ப. உன் புத்தி எனக்குத் தெரியாதா." மாமன் சிரித்தான்.

"நேத்து அந்தக் கல்ல ஆத்துல வீசினேன் மாமா. காலையில திரும்பவும் சட்டியில கெடக்குது, ஈரமா."

மாமனின் சிரிப்பு நின்றது. "மேஸ்திரி இன்னா சொல்றாரு?"

"இன்னிக்கே சுண்ணாம்பு ஜல்லி கொட்டி கெணத்த அடைச்சிடணுமாம். ஜல்தி ஜல்தின்னு நிக்கறாரு. கொட்டறது என் முறை."

"உள்ள ஆளு இருந்தா?"

"அதான் மாமா."

"கொட்டறதுக்கு முன்னால ஒரு தபா குனிஞ்சி, பேரு சொல்லிக் கூப்பிடு மாப்ள."

"கூப்பிடறேன். இன்னா பேரு சொல்லி?"

ஆற்றில் வெள்ளம் வண்டி அச்சுக்குக் கீழே இறங்கிவிட்டது. வண்டிகள் நகர்ந்தன. மாமன் எழுந்திருக்கவில்லை.