மதிலுக்கு என்ன நிறம்?

புங்குடுதீவு பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் ஊர்க் கோயில் தலைவரும் செயலாளரும் இருந்தார்கள். புதிய அரசியலமைப்புப் பற்றிய கூட்டமொன்றில் தலைவர் பேசிவிட்டு வருகிறார்.

"ஒரு மதகு கட்டவும் கொழும்பைக் கேக்கோணுமோ? அதிகாரம் எங்கட கையில வரோணும் எண்டு அடிச்சுச் சொன்னனான்."

"நல்லாச் சொன்னியள் அண்ணை. அது சரி, கோயில் மதிலுக்கு என்ன நிறம் அடிக்கிறது? பெயின்ற் அடிக்கிறவன் காலமை தொடக்கம் காத்துக்கொண்டு நிக்கிறான்."

"கனடாவில இருந்து காசு அனுப்புற எங்கட ஊர்ச் சங்கத்தைக் கேக்கோணும்."

"எப்பவும் காவியும் வெள்ளையும்தானே?"

"எண்டாலும் கேக்காமல் ஏலாது. இப்ப அங்க எல்லாரும் நித்திரை."

பஸ் கடல் பாலத்தைத் தாண்டியது. பிறகு தலைவரே சிரித்தார்.

"கொழும்பு பரவாயில்லை தம்பி. நாங்கள் முழிச்சிருக்கேக்கை அவங்களும் முழிச்சிருப்பாங்கள்."