மேசை, ஒன்று

உங்கள் கணினித் திரையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கிறது, மேடம். அதில் இருப்பது கடவுச்சொல் என்று நினைக்கிறேன். நான் படிக்கவில்லை. ஆனால் இந்த நாற்காலியில் உட்காருகிற எவனும் படிக்கலாம், இங்கே வருகிறவர்கள் எல்லாரும் என்னைப் போல இருக்கமாட்டார்கள். கழற்றி இழுப்பறைக்குள் வைத்துவிடுங்கள். நன்றி. இப்போது நிம்மதியாகப் பேசலாம்.

என் போனுக்கு ஆறு இலக்க எண் வந்துவிட்டது. இது மூன்றாவது. முதல் இரண்டும் பத்துப் பத்து நிமிடத்தில் காலாவதியாகிவிட்டன. எண்ணை நான் சொன்னால் நீங்கள் தட்டுவீர்கள், வேலை முடிந்துவிடும். அதோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பெஞ்சில் பழுப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் அக்கா, நான்கு மணிக்குள் போக வேண்டிய இடத்துக்குப் போய்விடுவாள். அவசரம் எனக்கும் புரிகிறது. ஆனால் எண்ணுக்குக் கீழே ஒரு வரி வந்திருக்கிறது, பாருங்கள். 'இதை யாரிடமும் சொல்ல வேண்டாம்.' யாரிடமும் என்றால் யாரிடமும்தான். காவல்துறை நீங்கலாக என்று போடவில்லை. நீயே தட்டு என்றீர்கள். அடுத்தவர் கணினியில் நான் எண் தட்டுவதில்லை, அதுவும் விதிதான். இருபது வருடமாக இதை ஊருக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

ஒரு பெரிய நிறுவனத்தில் கணினிப் பாதுகாப்பு என் பொறுப்பு. ஊழியர்களுக்குப் பொய்யான மின்னஞ்சல்கள் அனுப்புவேன். உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, உங்கள் பார்சல் வழியில் நிற்கிறது, இங்கே தொடவும். தொட்டவர்களின் பட்டியலை மேலிடத்துக்குக் கொடுப்பேன். அவர்களுக்கு அரைநாள் வகுப்பு நடக்கும், அதையும் நானே எடுப்பேன். அலுவலகத்தில் எனக்குத் தூண்டில் என்று பெயர். சாப்பாட்டு நேரத்தில் நான் போய் உட்கார்ந்தால் சுற்றியிருப்பவர்கள் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. வீட்டில் அக்கா இருந்தாள்.

அப்பா அம்மா போனபோது அவளுக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பன்னிரண்டு. அவள்தான் என்னை ஆளாக்கினாள். அவளுக்கு வந்த வரன்களை எல்லாம், தம்பி படிப்பு முடியட்டும் என்று சொல்லியே தட்டிக்கழித்தாள். படிப்பு முடிந்து இருபத்திரண்டு வருடமாகிறது. பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். பார்த்தாள்.

போன வருடம் எங்கள் குடியிருப்பில் முகத்தைப் பார்த்துத் திறக்கும் கேட் ஒன்று போடலாமா என்று கூட்டம் போட்டார்கள். நான் எதிர்த்தேன். நாற்பது நிமிடம் பேசினேன். மறைக்க ஒன்றும் இல்லாதவனுக்கு என்ன பயம் என்று கீழ்வீட்டுக்காரர் கேட்டார். கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கிறவன் எல்லாம் குற்றவாளியா என்று திருப்பிக் கேட்டேன். ஒருவர் எங்கே போகிறார், யாரைப் பார்க்கிறார் என்பது அவருக்கு மட்டுமே சொந்தம், அதை எட்டிப் பார்க்கக் கூடப் பிறந்தவனுக்கும் உரிமை கிடையாது என்றேன். கைதட்டினார்கள். கைதட்டிவிட்டு கேட்டுக்கே வாக்களித்தார்கள்.

அன்று மாதாந்திரச் சோதனைக்காக வந்திருந்த லிப்ட் மெக்கானிக் ஏணியில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்த பிறகு இறங்கி வந்து, "நல்லாப் பேசினீங்க சார். உங்க அக்காவும் இதையேதான் சொல்வாங்க" என்றார். என் அக்கா என்ன சொல்வாள் என்பது இவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. மற்றவர் விஷயத்தில் தலையிடுவது என் வழக்கமில்லை.

கேட் வந்தது. கணினி தெரிந்தவர் என்று அதன் நிர்வாகத்தை என் தலையில் கட்டினார்கள். வேறு யாரிடமாவது போனால் தவறாகப் பயன்படுத்துவார்களே என்று ஏற்றுக்கொண்டேன். பதிவுகள் பத்திரமாக இருக்கின்றனவா என்று தினமும் திறந்து பார்ப்பேன். ஒரு மாதிரிக்கு ஏதாவது ஒரு முகத்தை எடுத்துப் பார்க்க வேண்டும், அக்கா முகத்தை எடுத்தேன். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் மாலை ஆறு பத்துக்கு வெளியே போயிருக்கிறாள், ஏழே முக்காலுக்குத் திரும்பியிருக்கிறாள். என்னிடம் மருத்துவமனையில் கூட்டம் அதிகம் என்றுதான் சொல்லியிருந்தாள். அது பொய் என்று நான் சொல்லவரவில்லை. பல்வலிக்கு நாள் கிழமை கிடையாது.

கவலை மட்டும் வந்துவிட்டது. இவ்வளவு வெகுளியான ஆளை யாராவது ஏமாற்றினால் என்ன ஆகும்? அலுவலகத்தில் செய்வதை வீட்டிலும் செய்தேன். ஒரே மாதத்தில் ஆறு தூண்டில் அனுப்பினேன், ஆறிலும் மாட்டினாள். பார்சல் என்றால் தொட்டாள், பரிசு என்றால் தொட்டாள், காணாமல் போன பூனைக்குட்டி என்றால் இரண்டு தடவை தொட்டாள். ஏழாவதாக ஒன்றை லிப்ட் மெக்கானிக்கின் பெயரில் அனுப்பினேன். அந்தப் பெயர் ஏன் தோன்றியது என்று தெரியவில்லை. 'நம் திருமணப் பதிவுக்கு நாள் குறிக்க இங்கே தொடவும்' என்று எழுதினேன். பாதுகாப்புச் சோதனை என்பதால் கொஞ்சம் நம்ப முடியாததாக இருக்க வேண்டும் என்பது முறை.

எட்டு விநாடியில் தொட்டாள். எங்கள் அலுவலகத்தில் யாரும் எதையும் எட்டு விநாடியில் தொட்டதில்லை. பதிலும் எழுதியிருந்தாள். 'எனக்கும் சரி. தம்பிகிட்ட மட்டும் இன்னும் சொல்லலை. அவன் தாங்க மாட்டான்.'

நான் தாங்கிக்கொண்டேன், மேடம். தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன், தட்டைக் கழுவி வைத்தேன். எனக்குத் துக்கம் ஒன்றும் இல்லை, அவளுடைய பாதுகாப்பு மட்டும்தான் கண்முன் நின்றது. கடவுச்சொல்லை மாற்றினால் புதியதையும் யாரிடமாவது சொல்லிவிடுவாள். போனைப் பிடுங்கினால் அது அவளுடைய உரிமையில் கைவைப்பது. நன்றாக யோசித்துப் பார்த்தபோது ஒன்று தெளிவாயிற்று. உலகத்தில் யாராலும் ஏமாற்ற முடியாத ஆள் ஒருவகைதான் உண்டு. இறந்தவர். அவர் பெயரில் எவனும் கணக்குத் திறக்க முடியாது, கையெழுத்துப் போட முடியாது, எதிலும் அவரைச் சேர்க்க முடியாது.

அடுத்த நாள் மதியம், சாப்பாட்டு இடைவேளையில் பதிவு செய்தேன். ஏழு நிமிடம் ஆனது. பிறப்பைப் பதியப் பதினோரு ஆவணம் கேட்கிறார்கள், இறப்புக்கு ஒரு தம்பி போதும். தகவல் தருபவரின் போனுக்கு ஓர் எண் வரும், அதைத் தட்டினால் முடிந்தது. இறப்புக்கான காரணம் என்று ஒரு பட்டியல் இருந்தது. நோய், விபத்து, முதுமை, மற்றவை. எனக்குப் பொய் சொல்லப் பிடிக்காது, அதனால் 'மற்றவை' என்று போட்டேன். உங்கள் இழப்பில் பங்குகொள்கிறோம் என்று செய்தி வந்தது. சேவை எப்படி இருந்தது என்று நட்சத்திரம் கேட்டார்கள், நான்கு கொடுத்தேன். இவ்வளவு சுலபமாக இருப்பது பாதுகாப்புக் குறைபாடு என்று கீழே குறிப்பும் எழுதினேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

மறுநாள் மருத்துவமனையின் வருகைக் கருவி அவள் விரலை ஏற்கவில்லை. வங்கி அட்டை வேலை செய்யவில்லை. பாவம், பதிவு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். அங்கே நடந்ததை அவளே எனக்கு நடித்துக் காட்டினாள், அவளுக்கு நன்றாக நடிக்க வரும்.

"நீங்க இறந்துட்டீங்கம்மா. சம்பந்தப்பட்டவர் நேர்ல வரணும்."

"நான்தானே நேர்ல வந்திருக்கேன்."

"நீங்க வந்து என்ன பிரயோஜனம்? தகவல் கொடுத்தவர் வரணும்."

அந்தக் குமாஸ்தா ஒரு சீட்டை அச்செடுத்துக் கொடுத்திருக்கிறார். அதைச் சாப்பாட்டு மேசையில் என் முன்னால் வைத்தாள். தகவல் தந்தவர், உடன்பிறந்த தம்பி என்று இருந்தது. முதலில் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். நான் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினேன். கேட்டு முடித்துவிட்டு, "சரிடா, பாதுகாப்பா இருந்தது போதும். என்னைத் திரும்ப உயிரோட போட்டுடு" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள், விளக்கை அணைத்துவிடு என்பதுபோல. அவசரப்பட்டுச் செய்கிற காரியம் இல்லை, பார்க்கலாம் என்றேன்.

அதற்குள் எங்கள் கேட்டும் அவளுக்குத் திறக்க மறுத்துவிட்டது, நடமாட்டத்துக்கு வழி செய்ய வேண்டுமே. எங்கள் கேட்டில் நான்கு வகை உண்டு. குடியிருப்பவர், விருந்தினர், வளர்ப்புப் பிராணி, சாமான். இறந்தவர் குடியிருக்க முடியாது. விருந்தினர் என்றால் உயிரோடிருப்பவரின் அடையாள அட்டை கேட்கும். பிராணி என்றால் தடுப்பூசிச் சான்று வேண்டும். சாமானுக்குத்தான் கெடுபிடி இல்லை, பெயரும் எண்ணிக்கையும் போட்டால் போதும். அவளை மேசை என்று பதிந்தேன். சாமான் தனியாகப் போகக் கூடாது, வீட்டுக்காரர் கூடவே வர வேண்டும். நாங்கள் இருவரும் கேட்டின் முன்னால் போய் நிற்போம். "மேசை, ஒன்று. செல்லலாம்" என்று ஒரு பெண்குரல் சொல்லும், போவோம். திரும்பி வரும்போதும் அதே குரல்.

மூன்று வாரம் இப்படிப் போய்வந்தோம். காலையில் பூங்கா வரை, மாலையில் கடைத்தெரு வரை. கீழ்வீட்டுக்காரர் பதிவைப் பார்த்துவிட்டு, "என்ன சார், ஒரே மேசையைத் தினமும் ரெண்டு வேளை எங்க தூக்கிட்டுப் போறீங்க?" என்று கேட்டார். பழுதுபார்க்க என்றேன். அக்கா வழியில் அதிகம் பேசமாட்டாள். ஆனால் கூடவே வந்தாள். சின்ன வயதில் என் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவாள், அந்த ஞாபகம் வரும். நான் சந்தோஷமாக இருந்தேன், மேடம். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. செவ்வாயும் வெள்ளியும்கூட எங்களுக்கு மற்ற நாட்களைப் போலவே ஆகிவிட்டன.

பிறகு மெக்கானிக் உங்களிடம் வந்தார். புகாரை அவர் பெயரில்தான் எழுத வேண்டியிருந்தது, இறந்தவர் புகார் கொடுக்க உங்கள் கணினியில் இடம் இல்லை. அதனால்தான் இன்று நான் உள்ளே நுழைந்ததும், உன் அக்காவைக் கொன்றாயா என்று கேட்டீர்கள். கணினி அப்படித்தான் கேட்கச் சொல்லும், உங்கள் மேல் வருத்தமில்லை. பக்கத்தில் நின்றிருந்த அக்காதான், "கொல்லல மேடம், பதிஞ்சது மட்டும்தான்" என்று எனக்காகப் பேசினாள். அவள் சுபாவம் அது.

இன்று நான்கு மணிக்குள் அவர்கள் திருமணப் பதிவுக்கு நேரம் வாங்கியிருக்கிறார்கள். இதை விட்டால் மறுபடி வரிசையில் நின்று ஆறு மாதம் கழித்துத்தான் கிடைக்கும். இந்த எண்ணைச் சொல்லி, அவள் உயிரோடு இருப்பதாக நான் ஒப்புக்கொண்டால்தான் அவளால் கையெழுத்துப் போட முடியும். எனக்கு அந்த மனிதர்மேல் எந்தக் கோபமும் இல்லை. விதி விதிதான். மணி மூன்று முப்பத்தெட்டு, எண்ணுக்கு இன்னும் நாலு நிமிடம் உயிர் இருக்கிறது. அதுவரை நாம் பேசிக்கொண்டிருக்கலாம். பிறகு அவளை நான் வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன். நான் இல்லாமல் கேட்டில் விடமாட்டார்கள்.

பெஞ்சில் யாரும் இல்லையே.

காவலர் கொண்டுவந்தது அவள் போன்தான். அந்த உறையில் மூலையில் கீறல் இருக்கும். அதை விட்டுவிட்டு எங்கேயும் போகமாட்டாள், அது இருந்தால்தானே அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்கு… அவர் சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்கள்.

"செத்தவளுக்குக் கல்யாணப் பதிவு எதுக்கு, கேட் எதுக்கு, யாரு வந்து என்ன கேக்கப் போறாங்கன்னு சொன்னாங்க சார். அந்த மெக்கானிக்கோட வண்டியில ஏறிப் போயிட்டாங்க. தம்பியை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்கன்னாங்க."

சரி. பதற ஒன்றும் இல்லை. தெருமுனைக்குத் தெருமுனை கேமரா வைத்திருக்கிறீர்கள், அவள் முகத்தைப் போட்டுத் தேடுங்கள். பட்டியலில் அவள் முகம் இல்லையா? இறந்தவர்களை எடுத்துவிடுவீர்களா? அப்படியானால் காணவில்லை என்று ஒரு புகார் எழுதிக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். அதையும் கணினி ஏற்காதா? உயிரோடு இருப்பவர்தான் காணாமல் போக முடியுமா?

இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது, மேடம். எழுதிக்கொள்ளுங்கள். எட்டு, இரண்டு, ஏழு, ஏழு, நான்கு, ஒன்று.