கீப்பர் சொன்னால் விடணும்

விடியற்காலை ஐந்து மணி. கால்வாயை ஒட்டிய சாலை. மழை ஓய்ந்திருந்தது… தண்ணீர் மட்டும் கரை தொட்டு ஓடியது. ஒரு ஈ காக்கை இல்லை.

என் வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவனின் சித்தப்பாவுக்கு நடந்தது இது. நான் பார்க்கவில்லை. கேட்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

சித்தப்பா பெரிய கால்பந்து அணியில் பல வருடம் டிஃபெண்டர். பட்டப்பெயர் சுவர். “பந்து தாண்டினாலும் தாண்டும், ஆளு தாண்ட மாட்டான்” என்று சொல்லிச் சிரிப்பாராம். அவருடைய வேலையில் ஒரு சட்டம் உண்டு. கோல்கீப்பர் பின்னாலிருந்து “விடு” என்றால் விட்டுவிட வேண்டும். அவன் பிடித்துக்கொள்வான்.

ஒரே ஒரு ஆட்டத்தில், கூட்டத்தின் இரைச்சலில், சித்தப்பா விடவில்லை. எகிறினார். முழங்கால் கீப்பரின் கழுத்தில்… அவன் எழுந்திருக்கவே இல்லை. அன்றோடு பூட்ஸைக் கழற்றியவர்தான்.

பிறகு பிறந்தவள் மகள். அவள்தான் அவருக்கு உயிர்.

அந்த விடியற்காலை அவளுக்கு அனலாய்க் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் காரை விரட்டினார். வளைவில் சேறு… கார் கால்வாய்க்குள் சரிந்தது. பெட்ரோல் வாடை. ஜன்னல் வழியே எப்படியோ வெளியே வந்து கரையேறி, குப்புறப் படுத்து, மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். தண்ணீரும் இழுத்தது. தொண்டை கிழியக் கத்தினார். யாருமில்லை.

அப்போது தண்ணீருக்குள்ளிருந்து… பழகிய குரல்.

“விடு.”

யோசிக்கவே இல்லை. உடம்பு கேட்டுவிட்டது. விரல்கள் தாமாகத் திறந்தன.

அவள் தண்ணீரில் மூழ்கிய சத்தம் கேட்கவில்லை. ‘தப்’… பந்தை மார்போடு அணைக்கும்போது கேட்குமே, அந்தச் சத்தம்.

பிறகு காரை வெளியே எடுத்தார்கள். குழந்தை கிடைக்கவில்லை. சித்தி அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

“எங்கய்யா எம் புள்ள?”

“அவன் புடிச்சுட்டான்மா. கீப்பர் ரொம்ப நேரம் கையில வெச்சிருக்கக் கூடாது. விதி இருக்கு.”

“உன் விதியில இடி விழ.”

தினமும் விடியலில் கரையில் போய் நின்றார். ஒருநாள் வீட்டுக்கு இழுத்து வருவதற்காகச் சித்தி பின்னாலேயே போனாள். மறுநாளிலிருந்து அவளும் கூடப் போகிறாள். கையில் ஒரு துண்டு, குழந்தைக்கு மாற்று உடுப்பு. அங்கே என்ன கண்டாள் என்று கேட்டால், துண்டை மடிக்கத் தொடங்கிவிடுகிறாள்.

நேற்று என் நண்பன் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறான். கொடியில் ஒரு சின்னக் கவுன் சொட்டிக்கொண்டிருந்ததாம்.

சித்தி எடுத்துப் போன மாற்று உடுப்பு அல்ல அது.

காய்ச்சலன்று குழந்தை போட்டிருந்தது.